பூ விரியப் போகுதாம்

ராத்திரி ஒன்பதரை மணிக்கு எதிர்வீட்டு ஆச்சியின் பேரன் கதவைத் தட்டி, “பூ விரியப் போகுதாம், ஆச்சி உடனே வரச் சொன்னாக” என்று சொல்லிவிட்டு, நான் சட்டையை மாட்டுவதற்குள் அடுத்த வீட்டுப் படியேறிவிட்டானே, எங்கள் தெருவின் தோட்ட உலா அந்தப் பையனின் ஓட்டத்தில்தான் தொடங்கியது. 1988, ஆவணி மாதம். குரோம்பேட்டைக்கு நாங்கள் குடிவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு மீதிப் பேரின் முகம் தெரியும், பெயர் தெரியாது; காலையில் ஒரே மின்சார ரயிலுக்காக ஒரே பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் என்ற அளவில்தான் பழக்கம். அன்று ராத்திரி ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் பதினோரு பேர் கூடினோம். கைலியோடு வந்தவர் உண்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வந்தவர் உண்டு, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்களும் வந்திருந்தோம்.

பழைய சிமென்ட் தொட்டி ஒன்றில், பகலில் பார்த்தால் யாரும் நின்று பார்க்காத செடி. நாடாபோல நீண்டு தட்டையான பச்சை இலைகள், ஓரமெல்லாம் அலையலையாக வெட்டு. அந்த இலையின் ஓரத்திலிருந்தே ஒரு காம்பு புறப்பட்டுக் கீழே தொங்கி, பிறகு வாத்துக் கழுத்தைப்போல வளைந்து மேலே நிமிர்ந்திருந்தது. அதன் நுனியில் மொட்டு. ஆச்சி டார்ச் விளக்கைத் தம் முந்தானையால் பாதி மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார், வெளிச்சம் பட்டால் பூ கூச்சப்படும் என்று. முதலில் வெளி இதழ்கள், லேசான ரோஸ் நிறம், ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் மடங்கின. பத்தேகாலுக்கு மொட்டின் வாய் ஒரு காசு அளவுக்குத் திறந்தது. அப்போதுதான் வாசனை வந்தது; வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். பதினோரு மணிக்கு என் உள்ளங்கையைவிடப் பெரிதாக வெள்ளை வெளேரென்று விரிந்து நின்றது. உள்ளே மகரந்தக் காம்புகள் கூட்டமாகத் தலைசாய்த்திருக்க, நடுவிலிருந்து தடித்த ஒரு காம்பு எட்டிப்பார்த்து, நுனியில் நட்சத்திரமாகப் பிரிந்திருந்தது. ஆச்சி அதைக் காட்டி, ஆதிசேஷன் குடை பிடிக்கிறார் என்றார். கடைசி வீட்டு டீச்சரம்மா குனிந்து பார்த்து, இது சூலகமுடி என்றார். இரண்டு பேரும் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிரம்ம கமலம் என்று நாங்கள் சொன்ன அந்தப் பூ உண்மையான பிரம்ம கமலம் இல்லை என்பதை வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். உண்மையானது இமயமலையில் உயரமான இடத்தில் வளர்வது, உத்தராகண்டின் மாநில மலர். நம் வீடுகளில் பூப்பதை நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். தென் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தாய்வீடாகக் கொண்ட ஒரு கள்ளி. இலை என்று நாம் நினைப்பதும் இலை இல்லை, தட்டையான தண்டு. அதனால்தான் ஒரு துண்டை மண்ணில் சொருகினாலே வேர் விடுகிறது. அன்று ராத்திரி எனக்கு இது ஒன்றும் தெரியாது. கற்பூரம் காட்டி, பனங்கற்கண்டுப் பால் கொடுத்து அனுப்பிய ஆச்சி, மறுநாள் காலை ஈரத்துணிபோலத் துவண்டு தொங்கிய அந்தப் பூவுக்கு முன்னால் எங்களை மறுபடி வரவழைத்தார். அரிவாள்மனையில் இலைகளைத் துண்டு போட்டு வைத்திருந்தார். ரோஜாக் குச்சியென்றால் ஈரத்துணியில் சுற்றிக் கொடுப்பவர், இதற்குப் பழைய தினசரித்தாளைக் கிழித்தார். “தம்பி, உடனே நடாதீக. வெட்டுவாய் ரெண்டு நாள் காயட்டும். அப்புறமா மண்ணுல சொருகிட்டு மறந்துருங்க. ரெண்டு மூணு வருஷத்துல அதுவா நம்மளக் கூப்பிடும்” என்றார். பதினோரு பேரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வீடு திரும்பினோம்.

உங்கள் தெருவிலும் அப்படி ஓர் ஆச்சி இருந்திருப்பார். பெயர் வேறாக இருக்கும், செடி வேறாக இருக்கும். சுவருக்கு அப்பாலிருந்து கறிவேப்பிலை நீட்டிய ஒரு கை உங்களுக்கும் நினைவிருக்கும். அன்றைய எங்கள் தெருவில் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகள். 1,200 சதுர அடியில் 600 அடிக்கு வீடு கட்டினால் மீதி மண்ணாகவே கிடக்கும். மண் கிடந்தால் செடி வைக்காமல் இருக்க அந்தக் காலத்து மனிதர்களால் முடியாது. மூலை வீட்டில் ரயில்வே கார்டு ஒருவர். பட்டன் ரோஸிலிருந்து பன்னீர் ரோஸ் வரை வைத்திருந்தார், டியூட்டி முடிந்து விடியற்காலையில் வந்தாலும் படுக்கப்போகுமுன் பூவாளியை எடுப்பார். பாய் வீட்டில் வேலியே மருதாணி. டீச்சரம்மா வீட்டில் தூதுவளை, கற்பூரவல்லி, மணத்தக்காளி, பிரண்டை. தெருவில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவோம். எங்கள் வீட்டில் பவளமல்லி. காலையில் கோலம் போட என் மனைவி வாசலுக்கு வருமுன்பே பூ அங்கே கோலம் போட்டிருக்கும். தண்ணீர்தான் எல்லோருக்கும் பொதுக் கவலை. 1912-ல் வந்த குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் எங்களுடையது. பல்லாவரம் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருந்தன. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டால் உப்பு கரிக்கும். அந்தத் தண்ணீரில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்ற அனுபவம்தான் எங்கள் தெருவின் மிகப் பெரிய படிப்பு.

அந்தப் பூ ராத்திரிக்குப் பிறகு, ஆச்சி வீட்டுக்கு வந்தவர்களை அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், “எங்க அடுக்குச் செம்பருத்தியையும் ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போங்களேன்” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாராவது ஒரு நாள் குறித்தால் நன்றாக இருக்குமே என்று டீச்சரம்மா சொல்ல, நான்தான் காணும் பொங்கல் என்றேன். அன்றைக்கு ஊரெல்லாம் மெரினாவுக்குப் போகும், வண்டலூர் பூங்காவுக்குப் போகும். நாம் தெருவிலேயே ஒருவரையொருவர் காண்போம் என்று நினைத்தேன். தை மாதம் சென்னைத் தோட்டங்களுக்கு நல்ல மாதமும்கூட. கார்த்திகை மழையைக் குடித்த மண், வெயில் இன்னும் ஏறவில்லை, சாமந்தியும் டிசம்பர் பூவும் இருக்கும், அவரைப் பந்தல் கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அலுவலகத்திலிருந்து வந்து, மேசை விளக்கடியில், கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி, நான்கு வீடுகளின் வரிசையையும் நேரத்தையும் ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கவேண்டிய செடிகளையும் பதினைந்து பிரதிகள் எடுத்தேன். ஒரு முறைக்கு ஐந்து. ஐந்தாவது பிரதியில் எழுத்து மங்கிவிடும் என்பதால் அதை எங்கள் வீட்டுக்கே வைத்துக்கொண்டேன். அந்த ஐந்தாவது பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு வீட்டுக்கு இவ்வளவு பாடுபட்ட அந்த இளைஞன்மேல் எனக்கு நாளுக்கு நாள் பிரியம் கூடிக்கொண்டே போகிறது.

1989 காணும் பொங்கல் அன்று மாலை நான்கு மணிக்குத் தொடங்கி விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்தோம். யாரும் முன்வாசல் வழியாகப் போகவில்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து, துணி காய்கிற கயிற்றுக்குக் குனிந்து, அம்மிக்கல்லைச் சுற்றி, கிணற்றடிக்குப் போவோம். ஒரு வீட்டின் உண்மையான முகம் பின்பக்கத்தில்தான் இருக்கும். கார்டு தம் ரோஜாக்களுக்கு நடுவில் நின்று, எந்தக் கிளையை எந்தக் கணுவுக்கு மேலே, எந்தச் சாய்வில் வெட்டவேண்டும் என்று செய்துகாட்டினார். வெட்டிய குச்சிகளை அங்கேயே ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். பாய் வீட்டுப் பெரியம்மா மருதாணியை அரைத்துத் தயாராக வைத்திருந்தார். பெண் குழந்தைகள் அதற்குமேல் எந்த வீட்டுக்கும் வராமல் கையை விரித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் சுண்டலும், பொங்கலுக்கு வாங்கியதில் மீந்த கரும்புத் துண்டுகளும். முடிவில் ஒவ்வொருவர் கூடையிலும் ஏதோ ஒரு குச்சி, ஒரு கிழங்கு, தாளில் மடித்த விதை. எப்படி வந்தது என்று தெரியாமல் ஒரு வழக்கம் அன்றே நிலைத்துவிட்டது: வரும்போது ஒரு செடி கொண்டுவருவது, போகும்போது ஒன்று கொண்டுபோவது.

திருடி வைத்த செடிதான் செழிக்கும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்கு மதிப்புக் கொடுத்து, கார்டு வேண்டுமென்றே ஐந்து நிமிஷம் உள்ளே போய்விடுவார். அவர் திரும்பி வரும்போது பட்டன் ரோஸில் இரண்டு குச்சி குறைந்திருக்கும். யார் என்று அவர் கேட்கவே மாட்டார்.

வருஷத்துக்கு வருஷம் வீடுகள் கூடின. நான்கு ஆறாகி, ஒன்பதாகி, 1997-ல் பக்கத்துத் தெருவையும் சேர்த்துப் பதினான்கு. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போவது அதற்கு முன்னேற்பாடு. பழைய ரேடியோவிலிருந்து புறாக்குஞ்சு வரை எல்லாம் விற்கிற அந்தச் சந்தையில் செடிக்காரர்கள் வரிசைக்கு ஒரு தனி வாசனை, ஈரச் செம்மண்ணும் எருவும் கலந்தது. ஒரு வயதான செடிக்காரர் விலை சொல்லுமுன், “எந்த ஏரியா? என்ன தண்ணி?” என்று கேட்பார். குரோம்பேட்டை என்றால் சில செடிகளைத் தானே ஒதுக்கி வைத்துவிடுவார், “இது உங்க உப்புக்கு நிக்காது சார்.” விற்பவரே விற்க மறுக்கிற அந்த அக்கறையை நான் பிறகு எந்தக் கண்ணாடிக் கூடார நர்சரியிலும் பார்க்கவில்லை. 2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நாங்கள் தெருவாகச் சேர்ந்து குழி வெட்டினோம். இரண்டு மழைக்காலம் போனதும் எங்கள் கிணற்றில் கரிப்பு நன்றாகக் குறைந்தது. அந்தச் செடிக்காரர் ஒதுக்கிவைத்த செடிகளில் ஒன்றான ஜாதிமல்லியை அந்த வருஷம் வாங்கினேன்.

கார்டின் மகன் இங்கிலாந்திலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு செய்தி சொன்னான். அங்கே 1927-லேயே இப்படி ஒன்று தொடங்கினார்களாம். மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி திரட்ட, 609 தனியார் தோட்டங்களைத் திறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, முதல் வருஷமே 8,191 பவுன் சேர்த்தார்கள். இன்றும் நடக்கிறது. கேட்டதும் எங்களுக்குள் ஒரு பெரிய விவாதம். கட்டணம் வைக்கலாம், தெருவுக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆச்சிதான் ஒரே வார்த்தையில் முடித்தார்: “காசு குடுத்துட்டா வெறுங்கையோட வந்துருவாக.” ஒரு செடி, ஒரு விதை, அதுதான் ஷில்லிங் என்று அப்படியே இருந்தது.

பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறின. 2000-க்குப் பிறகு வந்த அந்தப் பத்து வருஷத்தில், நான்கு ஃப்ளாட், ஆறு ஃப்ளாட் என்று தெருவே உயர்ந்தது. யாரையும் குறை சொல்ல என்னால் முடியாது. பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கவேண்டும், மருத்துவச் செலவு, வயதான காலத்தில் அத்தனை பெரிய வீட்டைப் பெருக்க ஆள் வேண்டும். ஆச்சி வீடு 2006-ல் போனது. தூண் எழுப்பி அடியில் கார் நிறுத்தத் தரையெல்லாம் கான்கிரீட் போட்டார்கள், கிணற்றை மூடினார்கள். ஆச்சி காரைக்குடிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முதல் நாள் அந்த சிமென்ட் தொட்டி மூன்று ஆள் தூக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குச் சில வருஷம் கழித்துப் பப்பாளி மாவுப்பூச்சியும் வந்தது. 2008-ல் கோவையில் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி, அடுத்த வருஷம் எங்கள் தெருப் பப்பாளிகளிலும் செம்பருத்திகளிலும் பஞ்சு வைத்துத் தைத்ததுபோல அப்பிக்கிடந்தது. அந்தக் காணும் பொங்கலுக்கு உலா வேண்டாம் என்றவர்களிடம், நோயாளியைப் பார்க்கவும் போகத்தானே செய்கிறோம் என்று சொல்லி நடத்தினோம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஓர் ஒட்டுண்ணிக் குளவியை வேளாண் பல்கலைக்கழகத்தார் பெருக்கிப் பரப்பினார்கள். கடுகைவிடச் சிறிய குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கூடாக்கிவிடும். மருந்தடித்தும் போகாத வெள்ளை, குளவியால் போனது. அறிவியலுக்கு நான் கைகூப்பிய நாள் அது.

மண் போனதும் உலா மாடியேறியது. பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்தவர்கள் இப்போது கைப்பிடியைப் பிடித்து மூன்று மாடி ஏறவேண்டியிருந்தது. டீச்சரம்மாவுக்கு முழங்கால் விடவில்லை, கீழே நாற்காலியில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு மானிய விலையில் பொருட்கள் கொடுக்கத் தொடங்கியபோது ஒரு புதிய தலைமுறை எங்களோடு சேர்ந்தது. பிறகு 2021-ல் 900 ரூபாய் மாடித் தோட்டத் தளை மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் ஆறு பை, ஆறு தென்னைநார்க் கட்டி, ஆறு வகைக் காய்கறி விதை. முதல் கட்டியை நான் தண்ணீரில் போட்டது நினைவிருக்கிறது. செங்கல்போல இறுகிக் கிடந்தது, வாளியில் விழுந்ததும் ஓரமெல்லாம் பிளந்து, பொருமி, பத்து நிமிஷத்தில் வாளி நிறையத் தளும்பும் பழுப்புப் பொடியாக எழுந்தது. கையை உள்ளே விட்டால் பஞ்சு. உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியவேண்டும். பிழியும்போது வருகிற டீ நிறத் தண்ணீர் விரல் நகங்களில் இரண்டு நாள் இருக்கும். மண்ணைத் தொட்டு வளர்ந்த எனக்கு இதில் மனம் ஒட்டுமா என்ற சந்தேகம், முதல் கத்தரிப்பூவைப் பார்த்தவுடனே போய்விட்டது.

ஓர் அடுக்ககத்தில் மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டார்கள், செடித் தண்ணீரால் கூரை கசியும் என்று. அந்தப் பயம் நியாயமானதுதான். பைகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, வழிகிற தண்ணீருக்குத் தட்டு வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் கூரையைக் காட்டி, சாவியை வாங்கினோம். இன்று அந்த மாடியில்தான் மூக்குத்தி அவரை பந்தல் போட்டிருக்கிறது. பூ விழுந்ததும் காம்போடு தடித்து நிற்கிற அந்தக் காய், பெயருக்கேற்ப, பாட்டிகளின் மூக்குத்தியேதான். சந்தையில் கிடைக்காத இந்த விதை, ஒரு காணும் பொங்கலுக்கு யாரோ தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்தது. காற்று நின்று வாசலுக்கு வந்தபோது தெருவே மட்டமாகத் தெரிந்தது. இவ்வளவு வானம் எங்கள் தெருவில் இருந்ததே எனக்குத் தெரியாது. எங்கள் பவளமல்லி வேரோடு சாய்ந்து, காம்பவுண்டு சுவரைத் தள்ளிக்கொண்டு தெருவில் கிடந்தது. முப்பது வருஷம். மறுநாள் காலை அந்தச் சாய்ந்த மரத்திலும் பூ உதிர்ந்திருந்தது, தார் ரோட்டின்மேல். ஐந்தே வாரத்தில் காணும் பொங்கல். அந்த வருஷம் யாரும் செடி பார்க்க வரவில்லை, செடி கொடுக்கத்தான் வந்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் மூன்று பவளமல்லிக் கன்றுகள். மூன்றும் வேறு வேறு தெருக்களிலிருந்து. ஒரு காலத்தில் எங்கள் மரத்தடியில் விதை பொறுக்கிக்கொண்டு போனவர்கள் வீட்டுக் கன்றுகள் அவை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கொரோனாக் காலத்தில் 2021-ல் கைபேசித் திரையில் ஒவ்வொருவரும் தங்கள் மாடியைக் காட்டினோம், பருவம் தப்பிய தை மழை வேறு. 2022-ல் காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கில் வந்து விழுந்தது. ஆனால் அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில் ஏராளமானோர் செடி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். 2023-ல் மீண்டும் நடந்தபோது இருபத்திரண்டு மாடிகள், நாங்கள் எண்ணி முடியாத கூட்டம். இப்போது முன்பதிவு உண்டு, மூன்று வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு, வீட்டு வாசலில் ஒட்டிய சதுரக் கட்டத்தைக் கைபேசிக்குக் காட்டினால் செடிகளின் பெயர் வரும். கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள், “மாமா, பத்து நிமிஷம்தான், அடுத்த பேட்ச் வெயிட் பண்றாங்க” என்று அன்பாகச் சொல்லி இறக்கிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக லிஃப்ட் உள்ள மாடிகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். கார்பன் தாளோடு உட்கார்ந்திருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. டீச்சரம்மா இருந்திருந்தால் மேலே வந்திருப்பார்.

அதனால் இந்தப் பிள்ளைகள் நடத்துவதை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்தியது. அந்த 2023 உலாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்; யார் கையிலும் மண் ஒட்டவில்லை. முன்பு ஒரு உலா முடிந்தால் மறுநாள் என் தோட்டம் கொஞ்சம் மெலிந்திருக்கும், அந்த மெலிவில் எனக்கு ஒரு நிறைவு இருக்கும். இப்போது செடிகள் ஒரு கிளை குறையாமல் அப்படியே நின்றன. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே, பாதி உலாவில், வாசலில் ஒரு மேசையைப் போட்டேன். ஆச்சியின் தொட்டியிலிருந்து இலைகளை அறுத்துத் துண்டுபோட்டு, தினசரித்தாளில் சுற்றி அடுக்கினேன். ஒவ்வொருவரிடமும், உடனே நடாதீர்கள், வெட்டுவாய் இரண்டு நாள் காயட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு பொட்டலங்கள். ஆறு மணிக்கு மேசை காலி.

2025 ஆவணியில் ஒரு ராத்திரி ஒன்பதரைக்குக் கைபேசி ஒலித்தது. மேடவாக்கத்திலிருந்து ஒரு பெண், எனக்கு முகம் நினைவில்லை. வாத்துக் கழுத்தாக வளைந்து நிமிர்ந்த மொட்டின் படம். “சார், நீங்க குடுத்த இலை. இன்னைக்குப் பூக்குமா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி இதழ்கள் இளகியிருந்தன. “பூக்கும். விளக்கை அணைச்சிடும்மா. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடு” என்று அனுப்பினேன்.

“இங்க யாரையும் தெரியாது சார். நாங்க வந்தே ஒரு வருஷம்தான் ஆகுது.”

“கதவைத் தட்டி, பூ விரியப் போகுதுன்னு மட்டும் சொல்லும்மா.”

அதற்குப் பதில் வரவில்லை. மனைவி தூங்கிவிட்டாள். நான் மாடிக்குப் போய், ஆச்சியின் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதில் அன்று மொட்டு இல்லை. பதினோரு மணிக்கு ஒரு படம் வந்தது. நைட்டியில் இரண்டு பெண்கள், பனியனோடு ஒருவர், கையில் டார்ச்சைப் பிடித்து விரலால் பாதி மறைத்தபடி ஒரு தாத்தா, அவர் தோளைப் பற்றிக்கொண்டு தூக்கக் கண்ணோடு ஒரு சிறுமி. எல்லோரும் ஒரே பக்கமாகக் குனிந்திருந்தார்கள். பூ படத்தின் ஓரத்தில் பாதிதான் விழுந்திருந்தது.